சொந்தக் காசில் வந்த புத்தகங்களுக்கு மதிப்புரை எழுதுவது எப்படி?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வாசகர் வட்டம் நடத்தும் ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "அண்ணா, சொந்தமாகப் புத்தகம் போடுகிறவர்கள் எங்கள் வட்டத்துக்குப் பிரதி அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். சரித்திர நாவல், க்ரைம், ஹைக்கூ, சித்த மருத்துவம், ஊர் வரலாறு என்று எல்லாம் கலந்து வருகிறது. நான் அதிகம் படித்தது நாவல்கள்தான். எல்லாவற்றுக்கும் நானே எழுதலாமா? புத்தகம் சுமார் என்றால், அதுவும் எழுதியவர் தெரிந்தவர் என்றால், என்ன செய்வது? இலவசப் பிரதி வாங்கிக்கொள்வது சரியா?"

தாராளமாக எழுதலாம். புதுச்சேரியில் இருந்துகொண்டு பல வருடங்களாக இந்த வேலையைச் செய்கிறவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பதிப்பகம் போடும் புத்தகத்தை, அது அச்சுக்குப் போகுமுன்பே இரண்டு மூன்று பேராவது படித்திருப்பார்கள். போடலாமா வேண்டாமா என்று முடிவு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர், நல்ல பதிப்பகமாக இருந்தால் ஒரு எடிட்டர். சொந்தமாகப் போடுகிறவருக்கு இந்த ஆட்கள் கிடையாது. எழுதியவர், கணினியில் தட்டச்சு செய்து பக்கம் அமைத்த டி.டி.பி.க்காரர், அச்சகக்காரர், அவ்வளவுதான். வீட்டில் உள்ளவர்கள் படித்து 'நன்றாக இருக்கிறது' என்றிருப்பார்கள். அப்படியானால் அந்தப் புத்தகத்தை முழுதாகப் படிக்கப்போகும் முதல் அந்நியர் பெரும்பாலும் நீங்கள்தான். அதனால் கடைசிப் பக்கம் வரை படிக்காமல் ஒரு வரிகூட எழுதாதீர்கள். பதிப்பகப் புத்தகத்தை நீங்கள் பாதியில் விட்டாலும் அதைப் பற்றி எழுத இன்னும் பத்து பேர் இருப்பார்கள். இதற்கு உங்களை விட்டால் ஆள் இல்லாமல் போகலாம்.

அப்புறம், அளவுகோல். சொந்தமாகப் போட்ட புத்தகத்துக்கு இரண்டு அநியாயம் நடக்கிறது. ஒன்று, யாரும் கண்டுகொள்ளாமல் விடுவது. இன்னொன்று, 'பாவம், கைக்காசைப் போட்டு அடித்திருக்கிறார்' என்று இரக்கப்பட்டுப் பாராட்டிவிடுவது. இரண்டாவதுதான் அதிகக் கெடுதல் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். இரக்கத்தில் எழுதிய பாராட்டை நம்பி ஒருவர் 250 ரூபாய் கொடுத்து வாங்கி ஏமாந்தால், அடுத்த முறை உண்மையிலேயே நல்ல புத்தகத்தைப் பற்றி நீங்கள் எழுதும்போது அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். நஷ்டம் அந்த நல்ல புத்தகத்துக்கு. அதனால் யார் போட்டிருந்தாலும் ஒரே அளவுகோல்தான். பதிப்பகம் எடுக்கவில்லை என்பது ஒரு குறையும் இல்லை. சி.சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' இதழைத் தொடங்கியவர். புத்தகங்களைத் தானே போட்டு, மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். நவீன தமிழ்க் கவிதையின் வரலாற்றை அவரை விட்டுவிட்டு எழுத முடியாது.

சரி, வகைகளுக்கு வருவோம். 'நான் அதிகம் படித்தது நாவல்தான்' என்று தயங்குகிறீர்கள். எல்லா வகையிலும் நிபுணராக இருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு வகையும் வாசகருக்கு என்ன வாக்குக் கொடுக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். பேய்க்கதை பயமுறுத்துகிறேன் என்கிறது. அதில் ஆழமான சமூகப் பார்வை இல்லை என்று குறை சொல்வது நியாயமில்லை. பயம் வந்ததா, எந்த இடத்தில் வந்தது, எந்த இடத்தில் விட்டுப்போனது, அதைச் சொல்லுங்கள்.

சரித்திர நாவலில் உங்களுக்கு வேலை அதிகம். கதை நடக்கும் காலத்தை முதலில் குறித்துக்கொண்டு படியுங்கள். ராஜராஜன் ஆண்டது 985 முதல் 1014 வரை. அந்தக் காலத்துக் கதையில் படைவீரன் பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பில் ஒளிந்துகொள்கிறான் என்று வந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். முந்திரி போர்த்துக்கீசியர் வழியாகப் பதினாறாம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த மரம். மிளகாயும் அப்படி வந்ததுதான். சோழர் காலத்துச் சமையலறையில் மிளகாய் வறுக்கும் நெடி வரக் கூடாது, மிளகுதான் காரம். கண்ணுக்கு எட்டிய தூரம் முந்திரியாக இருக்கும் மாவட்டத்தில் பிறந்த எழுத்தாளருக்கு, அந்த மரம் இல்லாத பண்ருட்டியைக் கற்பனை செய்வதே கஷ்டம்தான். ஆனால் சரித்திர நாவல் எழுதுகிறவர் செய்ய வேண்டிய வேலையே அது.

நம் பக்கத்துச் சமீப காலத்தை வைத்து எழுதும்போதும் இதே கவனம் வேண்டும். 1958இல் புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் உத்தரவு போடுவதாக ஒரு காட்சி வந்தால் அது பிழை. ஆட்சி கைமாறியது 1954 நவம்பர் 1. ஆனால் சட்டப்படி இணைப்பு முழுமையானது 1962 ஆகஸ்ட் 16இல்தான். நடுவில் அந்த எட்டு வருடம் இருக்கிறதே, நாவலாசிரியருக்கு அது புதையல். பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்வதா, இந்தியராகிவிடுவதா என்று 1962இல் குடும்பங்கள் ஆறு மாதத்துக்குள் முடிவு செய்ய வேண்டியிருந்தது. ஒரே வீட்டில் அண்ணன் ஒரு பக்கமும் தம்பி ஒரு பக்கமும் போகலாம். இந்தப் பின்னணியைத் தொட்டுவிட்டு அதைப் பயன்படுத்தாமல் விட்ட நாவல் என்றால் அதையும் மதிப்புரையில் சொல்லலாம். பிழையை எண்ணுவதோடு நின்றுவிடாமல், கைக்கு எட்டியதை ஆசிரியர் எங்கே தவறவிட்டார் என்று காட்டினால் அவருடைய அடுத்த புத்தகத்துக்கு அது உதவும்.

சுனாமி பற்றி எழுதாத கடலூர்க்காரர் குறைவு. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, காலை நேரம். அன்று பிள்ளைகள் சீருடை போட்டுப் பள்ளிக்கூடம் கிளம்பியதாக எழுதியிருந்தால், தேவனாம்பட்டினத்திலும் சோனாங்குப்பத்திலும் அந்த நாளைப் பார்த்தவர்கள் புத்தகத்தை அங்கேயே மூடிவிடுவார்கள். தானே புயல் 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரை கடந்தது. இதெல்லாம் நம் மக்கள் உடம்பில் பட்ட தேதிகள். அதில் தவறு செய்தால், கதையில் மற்றது எவ்வளவு நன்றாக இருந்தாலும் நம்பிக்கை போய்விடும். இதைக் கண்டுபிடிக்கச் சென்னையில் உட்கார்ந்திருக்கும் விமர்சகரால் முடியாமல் போகலாம், உங்களால் முடியும். உள்ளூரில் இருப்பதே உங்கள் பலம்.

க்ரைமுக்கும் அதுவே. இங்கே எல்லை என்பது பெரிய விஷயம். பாகூர்ப் பக்கம் ஒரு கிராமம் புதுச்சேரி, அடுத்தது கடலூர் மாவட்டம். இரண்டு போலீஸ், இரண்டு நிர்வாகம். பிணம் எந்தப் பக்கம் கிடக்கிறது என்பதே ஒரு நாவலுக்குப் போதும். இதைத் தெரிந்து எழுதியிருக்கிறாரா, அல்லது புதுச்சேரியைக் கடற்கரைச் சாலையும் மதுக்கடையும் மட்டும் உள்ள ஊராகக் காட்டியிருக்கிறாரா என்று பாருங்கள். துப்புகள் வாசகர் கண்ணில் பட்டபடி வந்தனவா, அல்லது கடைசி அத்தியாயத்தில் புதிதாக ஒரு ஆளைக் கொண்டுவந்து கொலைகாரன் என்று சொல்லிவிட்டாரா என்பது அடுத்த கேள்வி. அதை முடிவை உடைக்காமல் எழுதப் பழக வேண்டும்.

குடும்ப நாவல்கள், காதல் நாவல்கள் நிறைய வரும். இவற்றில் பல, இணையத்தில் அத்தியாயம் அத்தியாயமாகத் தொடராக எழுதிப் பிறகு புத்தகமாக்கியவை. படித்தாலே தெரியும். ஒவ்வொரு அத்தியாயமும் முன் நடந்ததை நினைவூட்டித் தொடங்கும், ஒவ்வொன்றும் ஒரு கேள்வியில் முடியும். வாரம் ஒருமுறை படிப்பவருக்கு அது வேண்டியதுதான். மொத்தமாக 400 பக்கம் படிப்பவருக்கு அலுத்துவிடும். 'நடை இழுவை' என்று பொத்தாம்பொதுவாக எழுதுவதை விட, 'தொடரைப் புத்தகமாக்கும்போது அத்தியாயத் தொடக்கங்களை வெட்டியிருந்தால் ஐம்பது பக்கம் குறைந்திருக்கும்' என்று எழுதினால் எல்லோருக்கும் உபயோகம். இந்த வகையை ஏளனமாகப் பார்க்கும் பழக்கம் நம் விமர்சகர்களிடம் உண்டு, அது உங்களுக்கு வேண்டாம். பெண்களின் சம்பாத்தியம், மாமியார் வீட்டுக் கணக்கு, இரண்டாம் திருமணம் பற்றியெல்லாம் வேறெங்கும் வராத நுணுக்கங்கள் இங்கே வருகின்றன.

ஹைக்கூ தொகுப்புக்கு ஒரே வழிதான்: நல்ல கவிதையை முழுதாக எடுத்துக் காட்டுங்கள். இரண்டு போதும். ஏன் பிடித்தது என்று இரண்டு வரி. 64 பக்கத்தில் நான்கு கவிதை தேறினால் அது நல்ல தொகுப்பு என்றே சொல்வேன். விமர்சனத்துக்காக மேற்கோள் காட்டுவதை 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு அனுமதிக்கிறது. ஆனால் நேர்மையான அளவில்தான். பத்துப் பக்கத்தைப் படம் எடுத்துப் போடுவது மேற்கோள் ஆகாது.

சித்த மருத்துவம், இயற்கை உணவு, தன்னம்பிக்கை நூல்களில் மட்டும் நான் கறாராக இருப்பேன். 'இந்தக் கஷாயம் குடித்தால் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடலாம்' என்று ஒரு வரி இருந்தால், மற்ற 150 பக்கமும் அருமையாக இருந்தாலும், அந்த வரியைக் குறிப்பிட்டு 'இதை நம்பி மருந்தை நிறுத்தாதீர்கள்' என்று எழுதுவேன். எழுதியவர் பட்டம் பெற்ற சித்த மருத்துவரா, தாத்தா சொன்ன குறிப்புகளைத் தொகுத்தவரா என்பதையும் சொல்லிவிட வேண்டும். இங்கே பணிவு பார்த்தால் யாராவது ஒருவர் உடம்பில் அது போய் முடியும்.

ஊர் வரலாற்றுக்கு உங்கள் நேரத்தில் பெரும்பங்கைக் கொடுக்கச் சொல்வேன். சொந்தமாகப் போடும் புத்தகங்களில் நான் மிகவும் மதிக்கும் வகை இதுதான். ஓய்வுபெற்ற ஆசிரியரோ தபால்காரரோ இருபது வருடம் சேர்த்த குறிப்புகளை, எந்தப் பதிப்பகமும் எடுக்காது என்று தெரிந்தே, 300 பிரதி அடித்திருப்பார். அந்தக் கிராமத்துக்கு வேறு ஆவணமே இருக்காது. ஆனால் இதில்தான் கேள்விப்பட்டதும் எழுத்தில் உள்ளதும் அதிகம் கலந்துவிடும். உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1690இல் தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயர் மராத்தியரிடம் வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை உள்ள ஊர்களும் சேர்ந்து வந்தன. குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப் பெயரை இன்றும் சொல்கிறோம். கோட்டையை வாங்கிய கதை கிழக்கிந்தியக் கம்பெனி ஆவணங்களில் உள்ள செய்தி. இதைச் சொல்லும் அதே ஊர் வரலாற்றுப் புத்தகத்தில் 'கோட்டையிலிருந்து கோயிலுக்குச் சுரங்கம் இருந்தது' என்றும் இருக்கும். சுரங்கம் இல்லாத ஊர் வரலாறே நான் படித்ததில்லை. ஆசிரியர் இரண்டையும் ஒரே குரலில் சொல்கிறாரா, அல்லது 'பெரியவர்கள் சொல்லக் கேட்டது' என்று பிரித்துச் சொல்கிறாரா என்று பாருங்கள். பிரித்துச் சொல்பவர் படிப்பில்லாதவராக இருந்தாலும் நல்ல வரலாற்றாசிரியர்.

சரிபார்க்க இங்கே வசதி உண்டு. 1827இல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகம் புதுச்சேரியில் இருக்கிறது, கடலூரிலிருந்து ஒரு மணி நேரப் பஸ். பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரி பற்றி யார் என்ன எழுதினாலும், பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736இலிருந்து 1761 வரை எழுதிவைத்த நாட்குறிப்போடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். மதிப்புரை எழுதுகிறவருக்கு இவ்வளவு உழைப்பா என்று கேட்பார்கள். இருபது வருடம் உழைத்தவருக்கு ஒரு பகல் கொடுப்பது ஒன்றும் அதிகமில்லை.

எழுதும் விதத்துக்கு ஒரு உதாரணம். இது நானே கற்பனை செய்த நாவல், துறைமுகத்தில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்கும் ஒரு பெண்ணின் கதை. பெரும்பாலான மதிப்புரை இப்படி வரும்: 'மீனவப் பெண்களின் வாழ்வியலை உள்ளது உள்ளபடி படம்பிடித்துக் காட்டும் உன்னதப் படைப்பு. ஆசிரியரின் நடை தெளிந்த நீரோடை. தமிழ் இலக்கிய உலகுக்கு நல்வரவு.' இதை எந்தப் புத்தகத்துக்கும் போடலாம், மீனை எடுத்துவிட்டு நெசவைப் போட்டால் நெசவாளர் நாவலுக்கும் பொருந்தும். இப்படி எழுதிப் பாருங்கள்: 'முதல் அறுபது பக்கம் கடலூர் முதுநகர்த் துறைமுக ஏலத்தை விட்டு நகர்வதில்லை. கூடை விலை ஏறி இறங்குவதை வைத்தே அவளுக்கும் நாத்தனாருக்கும் உள்ள பகை நமக்குப் புரிந்துவிடுகிறது, ஆசிரியர் ஒரு இடத்திலும் விளக்கவில்லை. மகன் கல்லூரிக்குப் போன பிறகு கதை தடுமாறுகிறது. அதுவரை பேச்சிலும் வேலையிலும் நடந்தது, அதற்குப்பின் அறிவுரையாக மாறிவிடுகிறது. முதல் பாதிக்காகவே வாங்கலாம்.' ஏழெட்டு வாக்கியம் கூட இல்லை. வாங்கலாமா என்று வாசகருக்குத் தெரிந்துவிட்டது, எங்கே சறுக்கினோம் என்று எழுதியவருக்கும் தெரிந்துவிட்டது.

மேடைப் பேச்சு வேறு, மதிப்புரை வேறு. வெளியீட்டு விழாவுக்குக் கூப்பிட்டால் போங்கள், வாழ்த்துங்கள். அன்று பேசியதையே மதிப்புரையாக அனுப்பாதீர்கள்.

அச்சுப்பிழை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து யூனிகோடுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் பிரிந்து நிற்கும், சில எழுத்துகள் கட்டமாகிவிடும். மின்னூலில் இது சகஜம். அது எழுதியவரின் தமிழறிவுக் குறை கிடையாது. பக்க எண்களோடு அவருக்குத் தனியாக எழுதி அனுப்புங்கள், மின்னூலை ஒரே நாளில் திருத்தி ஏற்றிவிடலாம். ஒற்றுப்பிழை பக்கத்துக்குப் பத்து என்றால் அது வேறு விஷயம், படிப்பவரைத் தடுக்கும், ஒரு வரியில் மதிப்புரையிலேயே சொல்லிவிட வேண்டும். முழுப் பட்டியல் போட்டு அவமானப்படுத்த வேண்டாம்.

இப்போது நீங்கள் கேட்ட கஷ்டமான கேள்வி. தெரிந்தவர், புத்தகம் சரியில்லை. என் வழக்கம் இது: வரும் எல்லாப் புத்தகத்துக்கும் எழுதுவதாக நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. பிரதி வாங்கும்போதே 'படிக்கிறேன், எழுதுவது நிச்சயமில்லை, எழுதினால் தோன்றியதை எழுதுவேன்' என்று சொல்லிவிடுகிறேன். முதல் புத்தகம், யாருக்கும் கெடுதல் இல்லாதது, ஆனால் தேறவில்லை என்றால், பொதுவில் எழுதாமல் அவருக்கு ஒரு கடிதம் எழுதுவேன். அதில் நல்லதாக ஒரு இடத்தையும், மாற்றி எழுத வேண்டிய ஒரு இடத்தையும் காட்டுவேன், அதற்கு மேல் முதல் தடவை யாராலும் தாங்க முடியாது. மருத்துவ நூல் மாதிரி ஆபத்தானதோ, சாதி வெறுப்பைப் பரப்புவதோ என்றால் தெரிந்தவர் தெரியாதவர் என்று பார்க்காமல் பொதுவிலேயே எழுதுவேன். நெருங்கிய உறவு என்றால் அந்தப் புத்தகத்தை வட்டத்தில் வேறு ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். அமேசான் விதியும் குடும்பத்தார், நெருங்கிய நண்பர்கள் எழுதும் மதிப்புரைகளை ஏற்பதில்லை.

இலவசப் பிரதி வாங்கலாம், அதை முதலிலோ கடைசியிலோ ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். பணம் வாங்கக் கூடாது. 'கூரியர் செலவு, வாசிப்புச் செலவு' என்று எந்தப் பெயரில் வந்தாலும் திருப்பி அனுப்புங்கள். இணையத்தில் வரும் நுகர்வோர் மதிப்புரைகளுக்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022இல் ஐ.எஸ். 19000 என்று ஒரு தரவரையறை வெளியிட்டது. காசுக்கு எழுதும் மதிப்புரை அந்த அளவுக்குப் பெருகிவிட்டது. நட்சத்திரம் போட வேண்டிய இடத்தில் மனதில் பட்டதைப் போடுங்கள். எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டால் உங்கள் ஐந்துக்கு மதிப்பில்லை. மூன்று நட்சத்திரத்துக்குக் கோபித்துக்கொள்ளும் எழுத்தாளர்கள் உண்டு. அவர்களிடம் மதிப்புரையைப் படிக்கச் சொல்லுங்கள்.

எல்லோரும் விட்டுவிடும் ஒன்று இருக்கிறது. மதிப்புரையின் அடியில் பக்கம், விலை, அச்சா மின்னூலா, எங்கே கிடைக்கும் என்று கட்டாயம் போடுங்கள். பதிப்பகப் புத்தகம் கடையில் இருக்கும், நெய்வேலி, புதுச்சேரி புத்தகக் கண்காட்சிகளில் அரங்கு இருக்கும். இந்தப் புத்தகங்கள் எழுதியவர் வீட்டுப் பரணில் கட்டுக்கட்டாகக் கிடக்கும். படிக்கத் தோன்றியவருக்கு வழி தெரியாவிட்டால் நீங்கள் எழுதியும் பயனில்லை. தொலைபேசி எண் போடுவதற்கு முன் ஆசிரியரிடம் அனுமதி கேளுங்கள். ஆர்டர் வந்த பிறகு தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் பக்கத்துக்கு ஆகும் செலவு கூடுதல் என்பதால் விலையும் கூடுதலாகத்தான் இருக்கும், 120 பக்கத்துக்கு 200 ரூபாய் என்றால் உடனே கொள்ளை என்று எழுதிவிடாதீர்கள். காரணத்தைச் சொல்லி, வாங்கத் தகுமா என்று வாசகரிடம் விட்டுவிடுங்கள். மதிப்புரையைப் படித்துவிட்டு 'பி.டி.எஃப். இருக்கிறதா?' என்று நிச்சயம் யாராவது கேட்பார்கள். உங்களுக்கு வந்த மின்பிரதியை ஒருபோதும் பகிராதீர்கள். பிரதி அச்சில் வந்திருந்தால் வட்டத்தின் அலமாரியில் வையுங்கள், கேட்பவர்கள் வந்து எடுத்துப் படிக்கட்டும்.